மேல்வீட்டு யன்னல்களுக்குச் சீலை

வாடகை வீட்டுக்கு யன்னல் சீலை யார் போடுவது என்று கேட்டால், குடியிருக்க வருகிறவர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி தரவேண்டியது சுவர், கூரை, தண்ணீர், மின்சாரம். கதவுக்குப் பூட்டுத் தருவேன், யன்னலுக்குக் கண்ணாடி தருவேன். அதற்கு மேல் துணியும் நானே தைத்துத் தரவேண்டுமென்றால், நாளைக்குத் தலையணை உறையும் கேட்பார்கள். முப்பத்திரண்டு வருடம் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். எது யாருடைய பொறுப்பு என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

இந்த நியாயத்தில் ஒரு கோளாறு இருந்தது. சீலை உங்கள் பொறுப்பு என்று சொன்ன அதே வாயால், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். கம்பி மாட்ட ஓட்டை போடாமல் சீலை எங்கே தொங்கும், அந்தரத்திலா? ஒருவரும் இதை என்னிடம் நேரே கேட்கவில்லை. வீட்டுக்காரியிடம் யார் கேட்பார்கள்? கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

திருகோணமலையில் துறைமுகத்தை நோக்கி இறங்கும் தெருவொன்றில் எங்கள் வீடு. கணவர் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. மகன் கனடாவில். கீழ்வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். மேல்வீட்டை ஓய்வு பெற்ற பிறகு கட்டினேன். கடல் தெரிய வேண்டும், காற்று வர வேண்டும் என்று பெரிய பெரிய கண்ணாடி யன்னல்களாக வைத்தேன். ஹோலில் மூன்று, இரண்டு படுக்கையறைகளிலும் ஒவ்வொன்று. ஐந்தும் தெருப்பக்கம். நின்றால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். குசினி யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மொட்டைமாடி. அங்கே எந்த நேரமும் யாராவது ஆண்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். யன்னல் இல்லாத இடம் குசினிக்குப் பக்கத்திலுள்ள சாமான் அறை ஒன்றுதான். நாலு அரிசிச் சாக்கும் கொஞ்சம் தேங்காயும் வைக்கலாம், அவ்வளவுதான் அதன் அகலம்.

முதலில் குடியிருந்தவர்கள் போனபோது ஹோல் சுவரில் பதினேழு ஓட்டை இருந்தது. எண்ணினேன். கலண்டருக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, பிள்ளையின் படத்துக்கு நாலு. அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை. புதுச் சுவரை யாரோ குத்தியது போல இருந்தது எனக்கு. அதற்குப் பிறகுதான் ஆணிச் சட்டம் வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் அதைத் தனி வரியாக எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அந்தச் சட்டத்துக்குள் வந்து விழுந்தவர்கள் மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கணவனும் மனைவியும். அவர் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை. பெரிய கப்பல்களை இழுத்துக் கரைக்குக் கொண்டுவரும் அந்தப் படகைப் போலவேதான் ஆளும், குட்டை, அகலம், அவசரமே இல்லாத நடை. அவளுக்கு முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தவள் யன்னல்களுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கடலைப் பார்த்து மயங்கிப்போனாள் என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன். அவள் பார்த்தது எதிரே வாகை மரத்தின் கீழ் நின்ற ஓட்டோக்களை. ஏழெட்டு ஓட்டோ, ஏழெட்டு ஆண்கள், எல்லோருடைய முகமும் எங்கள் பக்கம்.

"அன்ரி, யன்னலுக்குச் சீல இல்லையா?"

"அது உங்கட பாடு பிள்ளை."

"அப்ப கம்பி போட ரெண்டு மூணு ஓட்ட..."

"சுவரில கை வைக்கிற கதையே இல்லை. ஒப்பந்தத்தில எழுதியிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ."

அவர்தான் இடையில் புகுந்தார். "பரவாயில்ல, நாம பாத்துக்கொள்ளுவம்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். முதலில் கண்ணாடிகளில் பழைய பேப்பர் ஒட்டினார்கள். மறுநாளே மேலே போனேன். "இதென்ன, அடைச்சுப்போட்ட கடையோ? இந்தக் கடலைப் பார்க்க வெள்ளைக்காரன் பிளேன் ஏறி வாறான், நீங்கள் பேப்பர் ஒட்டி மறைக்கிறீங்கள்" என்றேன். பசை காய்ந்தால் கண்ணாடி பழுதாகும் என்றேன். அவள் ஒரு சவர பிளேட்டை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் சுரண்டினாள். பிறகு அலுமாரியை இழுத்து ஒரு யன்னலுக்கு முன்னால் வைத்தார்கள். தரை ஓடு கீறுப்படும் என்று எடுப்பித்தேன். பிறகு ஒரு கதவுப் பிடியிலிருந்து இன்னொரு கதவுப் பிடிக்குக் கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைப் போட்டார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பி அதை நாலு நாளில் கிழித்தது. அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

கடைசியில் அவள் தன் வீட்டுக்குள்ளேயே தலையை மூடிக்கொண்டு நடமாடத் தொடங்கினாள். ஹோல் கூட்டும்போதும் முக்காடு, உடுப்பு மடிக்கும்போதும் முக்காடு. கீழே பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும்போது நிமிர்ந்தால் எனக்குத் தெரியும். பழகிவிட்டாள் என்று நினைத்தேன். பழகுவது வேறு, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது வேறு. அந்த வேறுபாடு எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு காலை, வேலைக்குப் போக வெளிக்கிட்டவர் படியில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தபடியே சரிந்துவிட்டார். அவள் கத்திய சத்தத்துக்கு வாகை மரத்தடியிலிருந்து ஓட்டோக்காரர்கள் ஓடிவந்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட முன்னரே உயிர் போய்விட்டது. ஜனாசாவை அன்றைக்கே மூதூருக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். அவள் கூடப் போகவில்லை. அவளுக்கு இத்தா தொடங்கிவிட்டது.

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் அவனோடு இருந்த வீட்டிலேயே இருக்கவேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது, வெள்ளை உடுத்திருப்பாள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சேரியில் என் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருந்த பெண் இத்தா இருந்தபோது அவளுடைய விசேட லீவுப் பத்திரத்தை நிரப்பியவளே நான்தான். நாலு மாதம் பத்து நாள். அரசாங்கமே ஒத்துக்கொண்ட லீவு. அவளுடைய கோப்புகளையும் அவ்வளவு நாளும் நானே பார்த்தேன்.

அடுத்த வருடம் என்னுடைய மனுசன் போனார். அவர் நெடுநாள் படுக்கையில் கிடந்ததில் என் லீவெல்லாம் தீர்ந்திருந்தது. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியை, முப்பத்திரண்டாம் நாள் நான் கச்சேரிக் கருமபீடத்தில். மாவட்டத்தில் உள்ள சனமெல்லாம் வரிசையில் வந்து என் நெற்றியைப் பார்த்தது, பிறகு கழுத்தைப் பார்த்தது, அதன் பிறகுதான் பத்திரத்தை நீட்டியது. விழுந்த பேனையைக் குனிந்து எடுத்தாலும் பார்த்தார்கள். மலசலகூடத்துக்குப் போய்வந்தாலும் பார்த்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் ஒரு அறைக்குள் இருந்து ஒருவர் கண்ணிலும் படாமல் அழுதால் போதும் என்று இருந்தது. யாரும் தரவில்லை. அதை நான் மறக்கவில்லை. மறக்காததை யார் தலையில் இறக்குவது என்றுதான் தெரியாமல் இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் அவளுடைய தங்கச்சி கீழே வந்தாள். அக்காவோடு கூட இருக்க மூதூரிலிருந்து வந்தவள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அன்ரி, ராத்தா இத்தாவில இரிக்கா. யன்னல் எல்லாம் தொறந்து கெடக்கு. கம்பி போட உடுங்க அன்ரி. நாலு மாசமும் பத்து நாளும்தான். முடிஞ்சதும் ஓட்டையெல்லாம் அடைச்சிப் பூசித் தாறம்."

"அடைச்ச சுவர் அடைச்ச சுவர்தான் பிள்ளை. பழைய சுவர் ஆகாது."

"பேப்பராவது ஒட்டுறம்."

"ஒருக்கால் ஒட்டிப் பட்டது போதாதோ?"

"அப்ப ராத்தா எங்க இரிக்கிற?"

"ஏன், மூதூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"புருசனோட இருந்த வீட்ட உட்டுப் போகேலா அன்ரி. ஒங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்தப் பிள்ளை நின்றுகொண்டே இருந்தது. நான் உள்ளே போய்த் தேத்தண்ணீருக்குக் கேத்தலை வைத்தேன், ஒரு கோப்பைக்கு மட்டும். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று எழுதினால் பொய். உறைத்தது. உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. நானும்தானே பட்டேன், நீயும் கொஞ்சம் பட்டுப்பார் என்ற சந்தோசம். அழகான சந்தோசமில்லை. ஆனால் அன்றிரவு நல்ல நித்திரை வந்தது.

ஒரு மூன்று வாரம் போயிருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வெறுமை. என்ன குறைகிறது என்று யோசித்தால், வாகை மரத்தடியில் ஓட்டோக்கள் இல்லை. அவர்கள் நின்ற நிழலில், ஊருக்குள் திரிகிற நாலு மான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எனக்கும் அந்த ஓட்டோக்காரருக்கும் நெடுநாள் வழக்கு. வெற்றிலை துப்புவதற்கும் பாட்டுப் போடுவதற்கும் நான் கத்தாத நாளில்லை. கடைசியில் ரோசம் வந்து போய்விட்டார்கள், தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஒரு கிழமை அந்த அமைதியை அனுபவித்தேன். பிறகு கண் டொக்டரிடம் போகவேண்டி வந்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் எங்கும் போகவில்லை. தெருவின் மறு வளைவில், ஒரு மரமும் இல்லாத இடத்தில், உடைந்த மதிலோரமாக நின்றார்கள். கச்சான் காலத்து வெயில். சீற் உறையைத் தொட்டால் கை சுடும்.

அவர்களில் மூத்தவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். காளி கோயில் திருவிழா என்றால் ஓட்டோவை விட்டுவிட்டுப் பந்தல் வேலைக்குப் போகிற ஆள். அவரிடம்தான் என் வாயைக் கொடுத்தேன்.

"என்ன, வாகை மரத்தில பேயைக் கண்டனீங்களோ? நல்ல நிழலை விட்டுப்போட்டு வெயில் காயிறீங்கள்."

அவர் கிட்ட வந்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"அக்கா, உங்கட மேல்வீட்டுப் பிள்ளை இத்தா இருக்கிறாவெல்லே. யன்னலுக்குச் சீலை இல்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் நாள் முழுக்க நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிண்டால் அந்தப் பிள்ளை எங்க போறது? மனுசனைத் தூக்கிக்கொண்டு போனதும் நாங்கள்தானே. அதுதான் எல்லாரும் கதைச்சு, இத்தா முடியுமட்டும் இஞ்சால நிப்பம் எண்டு வந்திட்டம்."

நான் பையைத் திறந்து கண் டொக்டரின் சீட்டைத் தேடினேன்.

"உங்களுக்குத் தெரியாதோ அக்கா?" என்றார். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தால் நான் இப்படி விட்டிருக்கமாட்டேன் என்று அவர் நம்பினார்.

"ஓம், தெரியும்" என்றேன். அவருடைய ஓட்டோவில்தான் கண் டொக்டரிடம் போனேன். 

பிறகு கவனித்தால் எல்லாமே தெரிந்தது. சைக்கிளில் வரும் மீன்காரர் எங்கள் மதில் தொடங்கும் இடத்தில் இறங்கி, தலையைக் குனிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், மதில் முடியும் இடத்தில் ஏறினார். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் வலையைக் குசினிப் பக்கமாக உயரக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், உலர்த்துவது போல. உலர்ந்த வலையை ஒருவரும் எடுக்கவில்லை. சீலைதான் யன்னலை மறைக்கும் என்று நினைத்திருந்தேன், தெருவே மறைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதைப் பார்த்து மனம் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். எனக்கு வந்தது கோபம். என்னுடைய வீட்டு யன்னலுக்கு ஊரான் மறைப்புக் கட்டுகிறானா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியாது. நாளைக்குக் கோயிலில், சந்தையில், பென்சன் வரிசையில் என்னைப் பற்றி என்ன கதை ஓடும்? அந்தப் பிள்ளை படுகிற பாட்டை விட அந்தக் கதைதான் என்னைச் சுட்டது. மறுநாளே கடைக்குப் போய், கடும் சிவப்பில் நல்ல கனமான துணியாக எடுத்து, ஐந்து யன்னலுக்கும் தைக்கக் கொடுத்தேன். தெருவிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிய வேண்டும். வீட்டுக்காரி போட்ட சீலை என்று குருடனுக்கும் விளங்க வேண்டும்.

சீலைகள் வந்த அன்று காலை, தங்கச்சி பையோடு சந்தைக்குப் போவதைக் கண்டேன். அவள் இருந்தால் இப்ப என்னத்துக்கு என்று கேட்பாள் என்று பயம். உடனே தச்சு வேலைக்கு வரும் பாஸுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் ஏணி, கம்பிகள், துளைபோடும் மெசின் எல்லாவற்றோடும் வந்தார். படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

உள்ளே செருப்புச் சத்தம் வந்து கதவடியில் நின்றது.

"ஆரு?"

"நான்தான் பிள்ளை" என்றேன்.

பாஸ் பின்னால் நிற்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். முக்காட்டைப் போட்டுக்கொண்டு சாமான் அறைக்குள் போ, கதவை நான் திறக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் திறக்கமாட்டாள், தங்கச்சி வரட்டும் என்பாள், வேலை இன்றைக்கு முடியாது, பின்னேரம் தெரு என் சீலையைப் பார்க்காது. இவ்வளவும் எனக்குள் ஓடியது. நான் சொல்லவில்லை. இந்தப் பந்தியை எழுத எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

அவள் கதவைத் திறந்தாள். குளித்துவிட்டு, தெருவில் ஆளில்லை என்ற நம்பிக்கையில் ஹோலுக்கு வந்து தலை உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். வெள்ளை உடுப்பு, விரித்த ஈரத் தலைமயிர், கையில் துவாய். என்னைப் பார்த்துத் தலையசைக்கப் போனவள் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

கத்தவில்லை. ஓடவும் இல்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அந்த இடத்திலேயே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். துவாய் கீழே விழுந்தது. அவளுக்கு இந்தப் பக்கம் பாஸ், அந்தப் பக்கம் மூன்று கண்ணாடி யன்னல். போக இடமில்லாமல் என் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

பாஸ் ஒரு கணம்தான் நின்றார். ஏணியை அப்படியே சாய்த்துவிட்டு, மெசினையும் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடகடவென்று படியிறங்கினார். கீழே கேற் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவர் வேலைக்கு வந்த மனுசன்தானே பிள்ளை, அவரென்ன செய்யப்போறார்" என்றேன். இதையும் நான்தான் சொன்னேன். அவள் கையை எடுக்காமல், சுவரைத் தடவிக்கொண்டே குசினிப் பக்கம் போய்ச் சாமான் அறைக்குள் நுழைந்தாள். அதன் கதவு முழுவதும் சாத்துவதில்லை. மழைக்காலத்தில் மரம் ஊதியதை நான் திருத்திக் கொடுக்கவில்லை. இடைவெளியால் பார்த்தேன். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு விசிறி. மேலே நேராகக் கொங்கிறீட் தட்டு, காற்று வர ஒரு செங்கல் அகல ஓட்டை. அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து உட்கார்ந்து, சுவரில் தலை படும் உயரத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, சுவரைப் பழுதாக்கிப்போட்டாள் என்பதுதான். இரண்டாவது நினைப்பு வருவதற்குள் நான் படியிறங்கியிருந்தேன். அந்த அறைக்குள் கச்சான் காலத்தில் ஒரு மனுசி நாற்பது நாளுக்கு மேல் இருந்திருக்கிறாள் என்பது கீழே வந்து கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சில் இறங்கியது.  வெட்கமாக இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தங்கச்சி மத்தியானம் கீழே வந்தாள். சண்டை பிடிப்பாள் என்று இருந்தேன். பிடித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அவள் சீலைப் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"பள்ளிவாசல்ல கேட்டம் அன்ரி. ராத்தாட மேல குத்தம் இல்லையாம், இத்தாவும் முறியாதாம். ஆனா அவ அழுதுகொண்டு இரிக்கா. ஒங்கட குரல நம்பித்தான் தொறந்த எண்டு சொல்றா."

"நான் நல்லதுக்குத்தானே பிள்ளை கொண்டுவந்தனான். நாளைக்குப் பெண்ணாள் ஒருத்தியைப் பிடிச்சு மாட்டி விடுறன். எத்தனை ஓட்டை எண்டாலும் போடட்டும்."

"வேணாம் அன்ரி. ரோட்டால போற ஆக்கள் மறைச்சித் தாறாங்க. அது போதும்."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்! அன்ரி, அன்ரி என்று ஒவ்வொரு வசனத்திலும் போட்டாள். அடித்திருந்தால் வலி இரண்டு நாளில் போயிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் ஹோலுக்கு வந்ததை நான் காணவில்லை. தெருவில் ஆளே இல்லாத வெயில் நேரத்தில்கூட யன்னலுக்குப் பின்னால் ஒரு அசைவும் இல்லை. கதவைத் தட்டினால் தங்கச்சி வரும்வரை திறப்பதில்லையாம். தாய் மூதூரிலிருந்து வந்து "நான்தான் மகள்" என்று கூப்பிட்டபோதும் திறக்கவில்லையாம். மூத்த ஓட்டோக்காரர் ஒருநாள் சொன்னார். என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, ஊர்க்கதையாகச் சொன்னார். பாஸ் தேத்தண்ணீர்க் கடையில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஓட்டோக்காரர் என்னைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டுதான் போனார். இறங்கும்போது கையும் பிடித்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்தேன். கச்சேரிக்காரியல்லவா, அதற்கும் ஒரு திகதி வைத்தேன். அவளுடைய கணவர் இறந்த திகதியிலிருந்து கலண்டரில் நாலு மாதமும் பத்து நாளும் எண்ணி, இத்தா முடியும் அன்று காலை நானே சமைத்துக் கொண்டுபோவது, அவள் கையைப் பிடித்து, பிள்ளை நான் பிழை செய்துவிட்டேன் என்று சொல்வது. என்ன சொல்வது என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். சின்னப் பிள்ளை பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்குவது போல.

அந்தத் திகதிக்கு நாலு நாள் முந்தி, காலையில் முற்றம் கூட்டக் கதவைத் திறந்தால் வாகை மரத்தடியில் ஓட்டோக்கள் நிற்கின்றன. ஏழும் நிற்கின்றன, ஒருவர் பாட்டுப் போட்டிருக்கிறார். மான்கள் எழும்பிப் போயிருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே பார்த்தேன், யன்னல்கள் பளிச்சென்று வெறுமையாக இருந்தன. அப்போதுதான் உச்சியில் அடித்தது போல நினைவு வந்தது. அவர்கள் பிறையைப் பார்த்து எண்ணுகிறவர்கள். கச்சேரியில் அந்தப் பெண்ணின் லீவுப் பத்திரத்தை நிரப்பும்போது இந்த நாலு நாள் வித்தியாசத்தைப் பிடித்து, திகதி பிழை என்று அவளோடு வாதாடியவளும் நான்தான்.

மூத்தவர் தெருவைக் கடந்து வந்து என் கையில் மேல்வீட்டுக் கதவுத் திறப்பைத் தந்தார். விடிய முன்னமே, நான் நித்திரையாக இருக்கும்போது, ஓட்டோவைப் படியடிவரை பின்னால் விட்டு அவளை ஏற்றி, கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஏதாவது சொன்னவாவோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. சுவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தங்கச்சி சொன்னவா."

மேலே போய்ப் பார்த்தேன். ஒரு ஆணி ஓட்டை இல்லை. கண்ணாடிகளைக் கழுவித் துடைத்திருந்தார்கள். சாமான் அறையில் அந்தக் கறையைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை பூசியிருந்தார்கள். பழைய வெள்ளைக்கு நடுவில் அந்தப் புது வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. அடைச்ச சுவர் பழைய சுவர் ஆகாது என்று நானே சொன்னதுதான். அந்த அறைக்குள் பாய் கிடந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலை எட்டு மணிதான். பத்து நிமிடம் இருக்க ஏலவில்லை.

சமைத்துக் கொண்டு மூதூருக்குப் போயிருக்கலாம். பஸ்ஸில் ஏறினால் எத்தனை தூரம்? ஓட்டோக்காரரிடம் கேட்டால் வீட்டு வாசலிலேயே இறக்கியிருப்பார். நான் போகவில்லை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஆர் என்று கேட்பாள். நான்தான் பிள்ளை என்று சொல்லவேண்டும்.

வேறொரு பாஸைப் பிடித்து ஐந்து யன்னலுக்கும் கம்பி போட்டேன். ஒரு யன்னலுக்கு நாலு ஓட்டை, எல்லாமாக இருபது. எண்ணினேன். சிவப்புச் சீலைகளைத் தொங்கவிட்டேன். அடுத்த மாதமே மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவரும் மனைவியும் குடிவந்தார்கள். மூத்த ஓட்டோக்காரர்தான் அவர்களுடைய பெட்டிகளை ஏற்றி வந்தார். அந்தப் பெண் ஹோலுக்குள் வந்ததும் சீலையைத் தொட்டுப் பார்த்து முகம் மலர்ந்துபோனாள்.

"அன்ரி, சீலையும் கம்பியும் போட்டே தாறீங்களோ? நாங்கள் இருந்த ஒரு வீட்டிலயும் இப்பிடித் தரேல்லை. நீங்கள் சரியான நல்ல ஆள்."

ஓட்டோக்காரர் கையில் மின்விசிறியோடு வாசலில் நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சீலையைத்தான் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, அது வீட்டுக்காரர் குடுக்கவேண்டியதுதானே" என்றேன்.